இழப்புக்குப் பிறகு முதல் கவளம்

வடலூர் சத்திய தருமச்சாலையில் 1867 மே 23 அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அதை மூட்டவைத்த வள்ளலார் 1874 ஜனவரி 30 அன்று, பக்கத்திலுள்ள மேட்டுக்குப்பத்தில் சித்தி வளாகத்தின் அறைக்குள் போனார். அதன்பின் அவரை யாரும் பார்க்கவில்லை. அவர் அருட்பெருஞ்சோதியில் கலந்தார் என்பது அன்பர்களின் நம்பிக்கை. ஆனாலும் அவரையே நம்பி வந்திருந்தவர்களுக்கு அது பெரிய முடிவு. சந்தேகம் கேட்கவும் ஆறுதல் சொல்லவும் இனி அவர் இல்லை. அந்த நிலையிலும் பசித்தவர்கள் வந்துகொண்டிருந்தார்கள், உலை வைத்தாக வேண்டியிருந்தது, வைத்தார்கள்.

துக்கம் ஆறட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. நாமோ, இழப்புக்குப் பிறகு நம்பிக்கை வந்தால்தான் எழுந்து நடமாட முடியும் என்று நினைக்கிறோம். மனநல மருத்துவம் இதைத் தலைகீழாகச் சொல்கிறது. சாப்பிட்டு, தூங்கி, சின்னச் சின்ன வேலைகளைச் செய்யச் செய்யத்தான் நம்பிக்கை மெல்லத் திரும்புகிறது. மனச்சோர்வுக்கான சிகிச்சை முறைகளில் ஒன்று முழுக்க இந்த அடிப்படையில் அமைந்தது. மனம் சரியாகட்டும் என்று காத்திருக்காமல், அன்றாட வேலைகளை அட்டவணை போட்டுச் செய்யவைப்பதே அந்தச் சிகிச்சை.

துக்கம் உடலில் என்ன செய்கிறது?

துக்கம் மனசோடு நிற்பதில்லை. மன அழுத்த ஹார்மோன்கள் ஓயாமல் சுரப்பதால் தூக்கம் கெடும், பசி மரத்துப்போகும், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும். நெருங்கியவர் இறந்த முதல் சில நாட்களில் மாரடைப்புக்கான வாய்ப்பு கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பேரதிர்ச்சியில் இதயத் தசை தற்காலிகமாகப் பலவீனமடையும் நோய் ஒன்றை 1990ஆம் ஆண்டுவாக்கில் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்தார்கள். மாதவிடாய் நின்ற பெண்களிடம் அது அதிகம் காணப்படுகிறது. அதனால் சாவு வீட்டில் ஒருவர் நெஞ்சு வலிக்கிறது, மூச்சு அடைக்கிறது என்றால், அழுத அலுப்பு என்று விட்டுவிடக் கூடாது. உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்து ஓசையில்லாமல் வரும். சடங்கு, சொந்தக்காரர், வரவு செலவு என்ற பரபரப்பில் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் நாள்கணக்கில் விட்டுப்போகும். கணவருக்கு மாத்திரை எடுத்துக்கொடுத்த மனைவியே இறந்துபோயிருந்தால், அடுத்த வேளை மாத்திரை எங்கே இருக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரியாது. மகனோ மகளோ அதைக் கையில் எடுத்துக்கொள்வது நல்லது.

அழுகையும் வேலையும் மாறி மாறி

துக்கம் மறுப்பு, கோபம் என்று ஐந்து படிகளில் இறங்கி ஓய்ந்துவிடும் என்று பலரும் சொல்லக் கேட்டிருப்போம். அந்தப் படிகளைச் சொன்ன புத்தகம், எலிசபெத் கூப்ளர் ராஸ் சாவை எதிர்நோக்கிய நோயாளிகளோடு பேசி 1969இல் எழுதியது. இழந்தவர்கள் எல்லாரும் அந்தப் படிகளில் வரிசையாக நடப்பதில்லை.

நடைமுறைக்கு நெருக்கமானது, 1999இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷூட் இருவரும் சொன்ன விளக்கம். இழந்தவர் ஒரு நேரம் இழப்பின் பக்கம் திரும்பி அழுவார். இன்னொரு நேரம் ரேஷன் கார்டு, பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் என்று வாழ்க்கையின் பக்கம் திரும்புவார். இரண்டுக்கும் நடுவே போய்ப்போய் வருவதே ஆரோக்கியம். காலையில் அழுதவர் மாலையில் பேரப்பிள்ளையின் பேச்சுக்குச் சிரித்தால் அது துரோகமல்ல. மூன்று மாதம் நன்றாக இருந்தவர் ஒரு கல்யாண வீட்டில் உடைந்து அழுதால் அது பின்னடைவும் அல்ல.

கடலூர் மாவட்டத்து விவசாயிகளுக்கு இந்தப் போக்குவரத்து புதிதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல், பண்ருட்டிப் பக்கம் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. முந்திரிக் கன்று நட்டால் காய்ப்புக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை கன்றுகளுக்கு நடுவே மணிலாவோ உளுந்தோ போட்டுக் குடும்பத்தை ஓட்ட வேண்டும். போன தோப்பை நினைத்து வயிறு எரியும். அதே வயிற்றுக்காக ஊடுபயிருக்குக் களை எடுக்கவும் வேண்டும். துக்கத்தில் இருப்பவரின் நாளும் அப்படித்தான் கழிகிறது.

வள்ளலார் நீக்கியதும் வைத்ததும்

சாவு வீட்டில் என்ன செய்ய வேண்டும், எதை விட வேண்டும் என்று 1871இல் வள்ளலார் தம் அன்பர்களுக்கு எழுதிக்கொடுத்தார். கருமாதி, திதி வேண்டாம். கணவர் இறந்தால் மனைவியின் தாலியை வாங்க வேண்டாம் என்றார். பல சடங்குகளை நீக்கியவர் ஒன்றை மட்டும் விடவில்லை. ஒரு நாள் குறித்து, வருகிறவர்களுக்குச் சோறு போடச் சொன்னார்.

உடல்நலக் கண்ணோடு பார்த்தால் இரண்டும் பொருள் உள்ளவை. பூவும் பொட்டும் பறித்து, நல்ல காரியங்களில் முன்னால் வராதே என்று ஒதுக்கப்படும் பெண்ணுக்குத் துக்கத்தின் மேல் தனிமையும் சேர்கிறது. தனிமை மனச்சோர்வைக் கூட்டும் என்பது நன்கு அறியப்பட்ட உண்மை. கூடி உண்பது இதற்கு நேர்மாறான வேலையைச் செய்கிறது. சாவு வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் பக்கத்து வீட்டிலிருந்தும் சம்பந்தி வீட்டிலிருந்தும் சாப்பாடு வரும் வழக்கம் அப்படித்தான் உதவுகிறது. ஆனால் பதினாறாம் நாள் முடிந்ததும் பந்தலோடு ஆட்களும் போய்விடுகிறார்கள். உண்மையான வெறுமை அப்போதுதான் தொடங்கும். ஆறுதல் சொல்ல விரும்புகிறவர்கள் பதினேழாம் நாளுக்குப் பிறகு போவது பெரிய உதவி.

உடல் கிடைக்காத சாவு, கைவிட்டுப் போன நிலம்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடலோடு போனவரின் உடல் கிடைக்காத குடும்பத்தில் அழுகைக்கும் எதிர்பார்ப்புக்கும் நடுவே மனம் சிக்கிக்கொள்கிறது. வியட்நாம் போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் பாலின் பாஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்றார். இவர்களிடம் 'மறந்துடு' என்று வற்புறுத்துவது பலன் தராது. நினைவுக்கென்று ஒரு நாளும் இடமும் இருந்தால் மற்ற நாட்கள் இலேசாகும். தேவனாம்பட்டினத்தில் ஆண்டுதோறும் டிசம்பர் 26இல் கடலில் பாலூற்றி அஞ்சலி செலுத்துகிறார்கள். அது மனநலத்துக்கும் நல்லது.

ஆள் உயிரோடு இருந்தும் வரும் இழப்புகள் உண்டு. நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர், மணமுறிவைச் சந்தித்தவர், வேலை போனவர் யாருக்கும் ஊர் துக்கம் விசாரிக்க வருவதில்லை. இவர்களுக்கு வரும் தூக்கமின்மையும் சோர்வும் சாவு வீட்டுத் துக்கத்துக்குச் சளைத்தவை அல்ல.

முதல் வாரங்களில் செய்யக்கூடியவை

• பசி எடுக்காவிட்டாலும் வேளைக்குக் கொஞ்சம் சாப்பிடுங்கள். கஞ்சி, இட்லி, ரசஞ்சாதம் போதும். தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள்.
• தூக்கம் வராவிட்டாலும் எழும் நேரத்தை மாற்றாதீர்கள். மருந்துக் கடையில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்காதீர்கள்.
• துக்கத்தை மறக்கக் குடிப்பது தூக்கத்தையும் மனநிலையையும் மேலும் கெடுக்கும்.
• காலை வெயிலில் கொஞ்சம் நடங்கள். துணைக்கு ஒருவர் இருந்தால் நல்லது.
• வீட்டை விற்பது, ஊர் மாறுவது போன்ற பெரிய முடிவுகளை முடிந்தவரை தள்ளிப்போடுங்கள்.
• உடம்பு கொஞ்சம் தேறியதும் அடுத்தவருக்கு ஒரு சின்ன உதவி செய்யுங்கள். தருமச்சாலையில் காய் நறுக்கலாம், தெருவில் ஒரு பிள்ளைக்குப் பாடம் சொல்லலாம். நம்மால் ஒருவருக்குப் பயன் உண்டு என்ற எண்ணம் வெறும் ஆறுதல் வார்த்தையை விட ஆழமாக வேலை செய்யும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

பெரும்பாலோர் உறவுகளின் துணையோடு தாமாகவே மீள்கிறார்கள். ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத் துக்கம் இறுகி நின்றுவிடுகிறது. இழப்பு நேர்ந்து ஆறு மாதம் கடந்தும் ஏக்கம் நாள் முழுவதும் வாட்டி, அன்றாட வேலை முடங்கினால், அதை உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் நீடித்த துக்கக் கோளாறு என்று குறிக்கிறது. வாழ்ந்து என்ன பயன், நானும் போய்விடலாம் என்ற எண்ணம் வந்தால் ஆறு மாதம் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே உதவி கேட்க வேண்டும். அப்படிப் பேசுகிறவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தை வீட்டில் வைக்காதீர்கள்.

டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழ்நாடு அரசின் 104 ஆகிய எண்களில் தமிழில் இலவசமாகப் பேசலாம். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும் சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநல மருத்துவர்களைப் பார்க்கலாம். நீடித்த துக்கத்துக்கென்றே பேச்சுச் சிகிச்சை இருக்கிறது. இழப்பு நேர்ந்து வருடங்கள் ஆகியிருந்தாலும் அது பலன் தருகிறது. தாமதமாகிவிட்டதே என்று தயங்க வேண்டாம்.