இழப்பும் ஈடும்

நுழையும்முன்

கட்டடங்கள் எழும் இடங்களில் அவற்றை எழுப்புவோர் சிலர் வீழ்கின்றனர். வீழ்ந்தவருக்குத் தரப்படும் தொகையைக் கருணையென்றும் தருமமென்றும் கருதும் வழக்கம் இன்றும் நீங்கவில்லை. அத்தொகை தொழிலாளியின் உரிமை என நூறாண்டுகளுக்கு முன்பே சட்டம் வகுத்துவிட்டது. அவ்வுரிமை பிறந்த வரலாற்றையும் அது கணக்கிடப்படும் முறையையும் அதனைக் கோரும் வழியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஈடு என்னும் சொல்

தாமிரபரணியின் தென்கரையில் அமைந்த ஆழ்வார்திருநகரி, நம்மாழ்வார் அவதரித்த ஊர். குருகூர் என்பது அதன் பழம்பெயர். அவர் அருளிய திருவாய்மொழிக்கு எழுந்த உரைகளுள் விரிவான ஒன்று ‘ஈடு’ என்றே பெயர் பெற்றுள்ளது. ஈடு என்னும் சொல் ஒப்பு, நிகர் என்னும் பொருள்களை உடையது; கடனுக்காக வைக்கும் பிணையையும் அது குறிக்கும். இழந்ததற்கு நிகராகத் தரப்படுவது இழப்பீடு. நிலத்தை இழந்தவருக்கு நிலம் ஈடாகலாம். பொருளை இழந்தவருக்குப் பணம் ஈடாகலாம். சாரத்திலிருந்து விழுந்து கையை இழந்த கொத்தனாருக்கு எது ஈடாகும்? இவ்வினாவுக்கு விடை காணும் முயற்சியே தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் வரலாறு.

தவறு யாருடையது?

பொருநை பாயும் இப்பகுதி கட்டுமானங்கள் நிறைந்தது. கற்கோயில்களும் மண்டபங்களும் பழங்காலத்தவை. ஆற்றின் கடைசி அணையான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு, ஆங்கிலேயர் ஆட்சியில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்டது. அக்காலத்தில் வேலையிடத்தில் காயமுற்ற கூலியாள் இழப்பீடு பெறவேண்டுமானால், விபத்து முதலாளியின் தவற்றால் நேர்ந்தது என்று நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. உடன் வேலை செய்தவரின் கவனக்குறைவே காரணம் என்றால் முதலாளிக்குப் பொறுப்பில்லை என்னும் கோட்பாடும் ஆங்கிலச் சட்டத்தில் வேரூன்றியிருந்தது. எழுத்தறியாத கூலியாளுக்கு இவ்வழி அடைபட்ட வழியாகவே இருந்தது.

ஐரோப்பாவில் தொழிற்சாலைகள் பெருகியபோது இந்நிலை மாறத் தொடங்கியது. ஜெர்மனி 1884இல் விபத்துக் காப்பீட்டுச் சட்டத்தையும், இங்கிலாந்து 1897இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தையும் இயற்றின. அவற்றின் அடிப்படை எளியது. ஒரு தொழிலால் பயன் பெறுபவர், அத்தொழிலில் உள்ள இடரின் சுமையையும் ஏற்கவேண்டும். எனவே, தவறு யாருடையது என்னும் ஆராய்ச்சி பின்தள்ளப்பட்டு, விபத்து வேலையின்போதும் வேலையின் காரணமாகவும் நேர்ந்ததா என்னும் வினா முன்வந்தது. இந்தியாவில் இக்கோட்பாட்டைக் கொண்டு 1923இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 1924 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அது ‘பணியாளர் இழப்பீட்டுச் சட்டம்’ என்று பெயர் மாற்றம் பெற்றது.

யாருக்கு உரியது?

ஒரு மாடிக்கு மேற்பட்ட அல்லது தரையிலிருந்து கூரையுச்சிவரை 12 அடியோ அதற்கு மேலோ உயரமுள்ள கட்டடத்தைக் கட்டுவோர், பழுதுபார்ப்போர், இடிப்போர் ஆகியோரை இச்சட்டத்தின் அட்டவணை குறிப்பிடுகிறது. பாலம், சாலை, அணை ஆகியவற்றின் பணிகளும் அதில் அடங்கும். தற்காலிகமாகச் சில நாள் வேலைக்கு வந்தவர் என்று கூறித் தொழிலாளியை விலக்கும் வாய்ப்பு முன்னர் இருந்தது. 2000ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை நீக்கியது. ஆகவே நாட்கூலிக்குக் கலவை சுமக்கும் சித்தாளும் நிரந்தரப் பணியாளரைப் போன்றே இவ்வுரிமை உடையவர்.

சில விலக்குகளும் உண்டு. மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய இயலாமற்போகாத சிறு காயத்துக்கு இழப்பீடு இல்லை. மதுவின் மயக்கத்திலோ, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியதாலோ நேர்ந்த காயத்துக்கும் இல்லை. ஆயினும் இறப்போ நிலையான முழு ஊனமோ நேர்ந்துவிட்டால், மேற்கூறிய மயக்கத்தையும் மீறலையும் காட்டி வேலையளிப்பவர் தப்ப இயலாது. “தலைக்கவசம் அணியவில்லை, ஆகவே ஒன்றும் கிடைக்காது” என்று இறந்தவரின் குடும்பத்திடம் கூறுவது சட்டத்துக்குப் பொருந்தாத கூற்றாகும்.

கணக்கிடும் முறை

இழப்பீட்டுத் தொகை மூன்று அளவுகளைச் சார்ந்தது: மாதக் கூலி, வயதுக்குரிய காரணி எண், பொருளீட்டும் திறனில் நேர்ந்த இழப்பின் விழுக்காடு. இறப்புக்கு மாதக் கூலியில் 50 விழுக்காட்டையும், நிலையான முழு ஊனத்துக்கு 60 விழுக்காட்டையும் காரணி எண்ணால் பெருக்கவேண்டும். இளையவர் இன்னும் பல்லாண்டுகள் உழைக்கக்கூடியவர் என்பதால் அவருக்குரிய காரணி எண் பெரிது. 25 வயதுக்கு 216.91, 30 வயதுக்கு 207.98; 40 வயதுக்கு 184.17. உண்மைக் கூலி எவ்வளவாயினும் கணக்குக்குரிய மாதக் கூலியின் உச்சவரம்பு 2020 ஜனவரி முதல் 15,000 ரூபாய் என அறிவிக்கப்பட்டது.

ஆழ்வார்திருநகரியைச் சேர்ந்த 30 வயதுக் கொத்தனார் ஒருவர் மாதம் 15,000 ரூபாய் ஈட்டுகிறார் எனக் கொள்க. அவர் விபத்தில் இறப்பாராயின் 7,500ஐ 207.98ஆல் பெருக்க, 15,59,850 ரூபாய் வரும். நிலையான முழு ஊனமுறுவாராயின் 9,000ஐ அதே எண்ணால் பெருக்க, 18,71,820 ரூபாய் வரும். பகுதி ஊனத்துக்கு இத்தொகையில் உரிய விழுக்காடு தரப்படும். கட்டைவிரல் இழப்புக்கு அட்டவணை 30 விழுக்காடு வகுத்துள்ளதால் அவருக்குரியது 5,61,546 ரூபாய் ஆகும். குணமாகக்கூடிய காயமாயின், கூலியில் 25 விழுக்காடு அரைமாதத்துக்கு ஒருமுறை தரப்படவேண்டும். மருத்துவத்துக்கு உண்மையில் செலவான தொகையும் திரும்பப் பெறத்தக்கது.

ஒரு கையும் ஒரு தொழிலும்

அட்டவணை உடலுறுப்பை அளக்கிறது. ஆனால் ஒரே உறுப்பின் இழப்பு எல்லாத் தொழிலாளர்க்கும் ஒரே இழப்பாகுமா? இவ்வினாவுக்கு விடை தந்த வழக்கு ஒடிசா மாநிலத்தின் கோராபுட் மாவட்டத்து ஜெய்ப்பூரில் தோன்றியது. 1968 ஜூலையில் அங்குள்ள திரையரங்கு ஒன்றில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்தார். அவருடைய இடக்கை முழங்கைப் பகுதியில் துண்டிக்கப்பட்டது. அட்டவணைப்படி அது 70 விழுக்காட்டு இழப்பு. எனவே பகுதி ஊனமே என்பது உரிமையாளர் தரப்பின் வாதம்.

இழப்பீட்டு ஆணையர் அவ்வாறு கருதவில்லை. தச்சுவேலையை ஒரு கையால் செய்ய இயலாது. எனவே அத்தொழிலுக்கு அவர் முற்றிலும் தகுதியிழந்துவிட்டார் என்று முடிவு செய்து, 9,800 ரூபாய் இழப்பீட்டுடன் அதில் பாதியைத் தண்டமாகவும், வட்டியும் சேர்த்து வழங்க ஆணையிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 1975 டிசம்பரில் நால்வர் அமர்வு ஆணையரின் முடிவை உறுதி செய்தது. விபத்து நேர்ந்த நாளிலேயே இழப்பீடு செலுத்தவேண்டிய கடனாகிவிடுகிறது. ஆணையர் தீர்ப்பளிக்கும் நாள்வரை காத்திருந்தது தாமதத்துக்குச் சமாதானம் ஆகாது என்பதும் அத்தீர்ப்பின் சாரம்.

மேற்காட்டிய கொத்தனாருக்கு இதே காயம் நேர்ந்தால், 70 விழுக்காட்டின்படி 13,10,274 ரூபாயும், முழு ஊனமெனில் 18,71,820 ரூபாயும் கிடைக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள 5,61,546 ரூபாய், ‘எந்த உறுப்பு போயிற்று’ என்னும் வினாவுக்கும் ‘எந்தத் தொழில் போயிற்று’ என்னும் வினாவுக்கும் உள்ள வேறுபாட்டின் மதிப்பாகும். கரணையும் செங்கல்லும் பிடிக்கும் கொத்தனார், தாம் செய்துவந்த வேலை எத்தகையது என்பதை ஆணையர் முன் தெளிவாக எடுத்துரைப்பது இதனால் இன்றியமையாததாகிறது.

யார் தருவது?

கட்டுமானத் தொழிலில் உரிமையாளர், பெரிய ஒப்பந்தக்காரர், உள்ஒப்பந்தக்காரர், மேஸ்திரி எனப் பல படிகள் உண்டு. கூலி தரும் மேஸ்திரியை மட்டுமே தொழிலாளி அறிவார். தம் தொழிலின் பகுதியான வேலையை ஒப்பந்தக்காரர்வழிச் செய்விக்கும் முதன்மை வேலையளிப்பவரும் இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று சட்டம் கூறுகிறது. அவர் முதலில் செலுத்திவிட்டுப் பின்னர் ஒப்பந்தக்காரரிடமிருந்து பெற்றுக்கொள்ளலாம்.

2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுவந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலை தேடி வந்தவர்கள். கட்டடத்துக்கான கல்லை வெட்டும் இடங்களிலும் இடர் உண்டு. 2022 மே மாதத்தில் திருநெல்வேலியை அடுத்த அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து அறுவர் சிக்கினர், நால்வர் உயிரிழந்தனர். இத்தகைய இறப்புகளில் இழப்பீட்டுத் தொகையை வேலையளிப்பவர் குடும்பத்தாரிடம் நேரே கொடுத்துக் கணக்கை முடித்துவிட முடியாது, ஆணையரிடமே செலுத்தவேண்டும். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் எனச் சார்ந்திருப்போரை விசாரித்து ஆணையரே பங்கிட்டளிப்பார். ஒருவருக்குரிய பங்கை மற்றொருவர் கவராமல் காப்பது இவ்விதி.

வெளியூரில் காயமுற்றவர் வழக்குக்காக அவ்வூரிலேயே தங்கவேண்டியதில்லை. விபத்து நேர்ந்த இடத்துக்குரிய ஆணையரிடமோ, தாம் வழக்கமாக வாழும் பகுதிக்குரிய ஆணையரிடமோ மனு அளிக்கலாம். சென்னையில் விழுந்தவர் தம் ஊருக்குரிய ஆணையரிடம் நீதி கேட்கலாம் என்பது பொருநைக்கரையிலிருந்து பெருநகரங்களுக்குச் செல்வோர் அறியவேண்டிய செய்தி.

தெரிந்து தெளிவோம்

போரில் உயிர்நீத்த வீரரின் குடும்பத்துக்கு அளிக்கப்பட்ட நிலம் பழந்தமிழகத்தில் ‘உதிரப்பட்டி’ எனப்பட்டது. உதிரம் என்பது குருதி. அக்கொடை ஆள்வோர் மனமுவந்து அளித்தது; இன்றைய இழப்பீடோ தொழிலாளி கேட்டுப் பெறும் உரிமை.

கோரும் வழி

விபத்து நேர்ந்தவுடன் வேலையளிப்பவருக்கு எழுத்துவழி அறிவிப்புத் தரவேண்டும். 1923ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மனு அளிக்கவேண்டும். தக்க காரணம் இருந்தால் தாமதத்தை ஆணையர் பொறுத்தருளலாம். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் உயர் அலுவலர்களே ஆணையர்களாகச் செயல்படுகின்றனர். மனுவை மூன்று மாதங்களுக்குள் முடிக்க ஆணையர் முயலவேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. தொகை உரியதாகி ஒரு மாதத்துக்குள் செலுத்தப்படாவிடில் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியும், தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லையெனில் 50 விழுக்காடுவரை தண்டமும் சேரும். தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குச் செல்லும் வேலையளிப்பவர், தொகையை முன்னரே ஆணையரிடம் செலுத்திய பிறகே மேல்முறையீடு செய்ய இயலும்.

சட்டம் உறுதியாக இருந்தாலும் சான்று இல்லையேல் வழக்கு நிற்காது. “இவர் எம்மிடம் வேலை செய்யவே இல்லை” என்பது வேலையளிப்பவர் தரப்பிலிருந்து எழக்கூடிய முதல் மறுப்பு. வருகைப்பதிவு, கூலி வரவு வைக்கப்பட்ட வங்கிக் கணக்கு, வேலையிடத்து ஒளிப்படம், மேஸ்திரியுடன் பரிமாறிய கைப்பேசிச் செய்தி, உடன் வேலை செய்தவரின் சாட்சியம் ஆகியவை இம்மறுப்புக்கு விடையாகும். மருத்துவமனையில் சேர்க்கும்போது ‘வீட்டில் வழுக்கி விழுந்தார்’ என்று பதியச்செய்தால் அப்பதிவே பின்னர் வழக்குக்குத் தடையாகும். வேலையிடத்தில் விழுந்தார் என்பது விபத்துப் பதிவேட்டிலும் காவல்நிலைய முதல் தகவல் அறிக்கையிலும் இடம்பெறுதல் வேண்டும்.

வறுமையில் வாடும் குடும்பத்திடம் சிறுதொகையைக் கொடுத்து, ‘இனி உரிமை கோரமாட்டேன்’ என்று கையொப்பம் பெறுவதும் உண்டு. சட்டம் தந்த இழப்பீட்டு உரிமையைத் துறக்கச்செய்யும் ஒப்பந்தம் செல்லாது. இருதரப்பும் உடன்பட்டுத் தொகையை முடிவு செய்தாலும் அவ்வுடன்படிக்கையை ஆணையரிடம் பதிவு செய்யவேண்டும். தொகை போதாதென்று கண்டால் பதிவை அவர் மறுக்கலாம். வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லாதோர்க்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச உதவி அளிக்கிறது.

நலவாரியமும் புதிய தொகுப்பும்

தமிழ்நாட்டில் 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. அதன்வழி 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் அமைந்தது. நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் வேண்டுமென நீதியரசர் வி. ஆர். கிருஷ்ண ஐயரைத் தலைவராகக் கொண்ட குழு நெடுங்காலம் இயக்கம் நடத்தியது. 1996இல் நடுவண் அரசு கட்டுமானத் தொழிலாளர்க்கெனத் தனிச் சட்டங்களை இயற்றியது. கட்டுமானச் செலவில் 1 விழுக்காடு தீர்வையாகப் பெறப்பட்டு நலநிதியாகிறது. பதிவு செய்த தொழிலாளர்க்கு விபத்து, கல்வி, ஓய்வூதியம் ஆகியவற்றுக்கான உதவிகள் இதிலிருந்து கிடைக்கின்றன. வாரியத்தின் உதவி வேறு. வேலையளிப்பவர் தரவேண்டிய இழப்பீடு வேறு. முன்னதைப் பெற்றமையால் பின்னது அற்றுப்போவதில்லை.

1923ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளிட்ட ஒன்பது சட்டங்களை ஒருங்கிணைத்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2020இல் இயற்றப்பட்டு, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. இழப்பீட்டின் அடிப்படைக் கோட்பாடு அதிலும் தொடர்கிறது. வீட்டிலிருந்து வேலையிடத்துக்குச் செல்லும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்து, வேலையோடு தொடர்புடையதாயின், அதுவும் வேலையின்போது நேர்ந்ததாகவே கருதப்படும் என்பது புதிய தொகுப்பு தரும் பாதுகாப்பு.

துண்டிக்கப்பட்ட கைக்குப் பணம் முழு ஈடாகாது. ஆயினும் உலை கொதிக்கவும் பிள்ளைகள் பள்ளிக்குத் தொடர்ந்து செல்லவும் அது துணைநிற்கும். அத்துணை உரியவரைச் சென்றடைய, விபத்து நேர்ந்த முதல் நாளில் பதிவேட்டில் எழுதப்படும் ஒரு வரியைப் படித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் அருகில் இருக்கவேண்டும். பல குடும்பங்களில் அவ்வாறு படிக்கத் தெரிந்தவர், மேல்நிலை வகுப்பில் பயிலும் அக்குடும்பத்தின் பிள்ளையே ஆவார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் கட்டுமானப் பணி செய்வோரைச் சந்தித்து, அவர்கள் பின்பற்றும் பாதுகாப்பு முறைகளைத் தொகுத்து எழுதுக.

2. மாதம் 12,000 ரூபாய் கூலி பெறும் 40 வயதுச் சித்தாள் நிலையான முழு ஊனமுற்றால் அவருக்குரிய இழப்பீட்டைக் கணக்கிடுக.

3. ‘உறுப்பின் இழப்பும் தொழிலின் இழப்பும்’ என்னும் பொருளில் வகுப்பில் கலந்துரையாடுக.