142 நல்லதா, கெட்டதா?

தில்லியில் சஃப்தர்ஜங் மருத்துவமனை இருக்கிறது. சாலைக்கு எதிர்ப்புறம் எய்ம்ஸ் மருத்துவமனை இருக்கிறது. இரண்டும் பெரிய அரசு மருத்துவமனைகள். இத்தகைய இடங்களில் காலையில் இரத்தம் கொடுக்க வரிசை நிற்கும். தில்லியில் இரத்தம் எடுப்பவர் முதலில் ஒரு கேள்வி கேட்பார்.

"காலி பேட்?"

வெறும் வயிற்றோடு வந்தீர்களா என்று பொருள். சிலர் வீட்டில் பால் விட்ட டீ குடித்திருப்பார்கள். "டீதானே" என்று நினைத்து, ஆமாம் என்று தலையாட்டுவார்கள். அந்த ஒரு டீ போதும். பரிசோதனையின் கணக்கே மாறிவிடும்.

சோறு, இட்லி, ரொட்டி, உருளைக்கிழங்கு எல்லாமே வயிற்றில் சர்க்கரையாக மாறுகின்றன. அந்தச் சர்க்கரை இரத்தத்தில் கலக்கிறது. உடம்புக்கு வேலை செய்யும் சக்தி அதிலிருந்து கிடைக்கிறது. இரத்தத்தில் உள்ள சர்க்கரை உடம்பின் தசைகளுக்குள் போக இன்சுலின் வேண்டும். வயிற்றின் பின்புறம் உள்ள கணையம் அதைச் சுரக்கிறது. இன்சுலின் குறைந்தாலோ, சரியாக வேலை செய்யாவிட்டாலோ சர்க்கரை இரத்தத்திலேயே தங்கிவிடும். இதுதான் சர்க்கரை நோய்.

எவ்வளவு சர்க்கரை இருக்கலாம்? பெரியவர் ஒருவரின் உடம்பில் சுமார் 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. நோய் இல்லாதவருக்கு, வெறும் வயிற்றில், அந்த 5 லிட்டரிலும் சேர்த்து ஒரு டீஸ்பூன் சர்க்கரைதான் இருக்கும். இரண்டு டீஸ்பூன் ஆனால் அது அதிகம். இவ்வளவு சிறிய வித்தியாசம் நாக்குக்கோ கண்ணுக்கோ தெரியாது.

சிறுநீரில் எறும்பு மொய்த்தால் சர்க்கரை நோய் என்று நம் நாட்டு வைத்தியர்கள் பழங்காலத்திலேயே கண்டுபிடித்தார்கள். அது உண்மைதான். ஆனால் எறும்பு வரவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று சொல்ல முடியாது. இரத்தத்தில் சர்க்கரை அளவு ஏறக்குறைய 180-ஐத் தாண்டிய பிறகுதான் சிறுநீரில் இறங்கும். அதுவரை எறும்புக்குத் தெரியாது. அதனால்தான் இரத்தத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இப்போது 142 என்ற எண்ணுக்கு வருவோம். சர்க்கரை நோய் என்று புதிதாகத் தெரிந்த ஒருவருக்கு ரிப்போர்ட்டில் 142 என்று வருகிறது. நல்லதா, கெட்டதா?

எப்போது எடுத்தது என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. வெறும் வயிற்றில் எடுத்தது என்றால் 142 கொஞ்சம் அதிகம். சர்க்கரை நோய் உள்ள பெரும்பாலோருக்கு அது 80 முதல் 130 வரை இருக்க வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தது என்றால், 142 நல்ல எண். அப்போது 180-க்குக் கீழே இருந்தால் போதும். முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த அளவுகள் மாறும். அதை மருத்துவர் சொல்வார்.

வெறும் வயிறு என்றால் 8 மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருப்பது. தண்ணீர் குடிக்கலாம். இரண்டு மணி நேரம் என்பதை முதல் வாய் சாப்பிட்ட நேரத்திலிருந்து எண்ண வேண்டும். கை கழுவிய நேரத்திலிருந்து அல்ல.

ரிப்போர்ட்டில் இன்னொரு குழப்பம் உண்டு. வெறும் வயிற்றுக்கு 'எஃப்' என்று போட்டிருக்கும். சாப்பிட்ட பிறகு எடுத்ததற்கு 'பிபி' என்று போட்டிருக்கும். நம் காதில் இது இரத்த அழுத்தம் என்று விழும். அதையும் பி.பி. என்றுதானே சொல்கிறோம்! "எனக்கு பி.பி. 190" என்று பயந்து போகிறவர்கள் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்து வேறு. சந்தேகம் வந்தால் லேபிலேயே கேட்டுவிடுவது நல்லது.

மூன்றாவதாக ஒரு பரிசோதனை இருக்கிறது. அதற்கு எச்பிஏ1சி என்று பெயர். மூன்று மாதச் சர்க்கரை என்றும் சொல்வார்கள். நம் இரத்தத்தின் சிவப்பு அணுக்கள் சுமார் 120 நாள் வாழ்கின்றன. இரத்தத்தில் உள்ள சர்க்கரை அவற்றில் ஒட்டிக்கொள்கிறது. சர்க்கரை எவ்வளவு அதிகமோ அவ்வளவு ஒட்டும். சர்க்கரை நோயாளிகளின் இரத்தத்தில் இந்த மாற்றம் இருப்பதை 1968-இல் ஈரான் நாட்டு மருத்துவர் சாமுவேல் ரஹ்பார் கண்டறிந்தார். பெரும்பாலோருக்கு இந்த எண் 7-க்குக் கீழே இருக்க வேண்டும். இதற்கு வெறும் வயிறு தேவையில்லை.

பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பு மட்டும் இனிப்பை நிறுத்துகிறவர்கள் பலர். சோற்றையும் பாதியாகக் குறைத்துவிடுவார்கள். காலை எண் அழகாக வரும். மூன்று மாதச் சர்க்கரை மட்டும் 9 என்று காட்டும். யாரை ஏமாற்றினோம்? மருத்துவர் நல்ல எண்ணைப் பார்த்து மருந்தைக் கூட்டாமல் விட்டால், பாதிப்பு கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் காலுக்கும்தான். ஒன்று மட்டும் கவனம். இரத்தசோகை உள்ளவர்களுக்கு இந்த மூன்று மாதக் கணக்கு தவறாகக் காட்டலாம். அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இந்த நோய் யாரோ சிலருக்கு வருவது அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை அலுவலகம் தில்லியில் எய்ம்ஸ் பக்கத்தில் இருக்கிறது. அந்தக் கழகத்தின் உதவியோடு நாடு முழுவதும் ஓர் ஆய்வு நடந்தது. சென்னையைச் சேர்ந்த நிறுவனம் அதை நடத்தியது. 2023-இல் முடிவு வந்தது. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது.

வீட்டில் பார்ப்பதற்கு குளுக்கோமீட்டர் என்ற சிறிய கருவி கிடைக்கிறது. ஒரு துளி இரத்தம் போதும். முதலில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவித் துடைக்க வேண்டும். மாம்பழம் உரித்த கையோடு பார்த்தால், கருவி மாம்பழச் சர்க்கரையையும் சேர்த்துக் காட்டும்! விரல் நுனியின் நடுவில் குத்தினால் வலிக்கும். பக்கவாட்டில் குத்த வேண்டும். ஒருவர் குத்திய ஊசியை இன்னொருவர் தொடவே கூடாது.

தில்லியில் ஜனவரிக் குளிரில் விரல் விறைத்து இரத்தம் வராது. வெந்நீரில் கையை நனைத்து, கீழே தொங்கவிட்டால் வரும். மே, ஜூன் வெயிலில் வேறு தொல்லை. இரத்தம் வைக்கும் பட்டைகள் சூட்டில் கெட்டுப்போகும். டப்பாவை இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். காலாவதி தேதியையும் பார்க்க வேண்டும்.

எண் குறைவதும் ஆபத்துதான். இன்சுலினோ சிலவகை மாத்திரைகளோ எடுப்பவர் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே போகலாம். சஷ்டி விரதமோ, கர்வா சௌத்தோ, ரமலான் நோன்போ, எதுவானாலும் முன்பே மருத்துவரைக் கேட்க வேண்டும். உடல் வியர்க்கும். கை நடுங்கும். படபடப்பு வரும். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். குறைவாகவே இருந்தால் இன்னொரு முறை குடிக்க வேண்டும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.

எண் நன்றாக வந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். மாத்திரை சாப்பிட்டதால்தான் எண் நன்றாக வந்தது. நிறுத்துவதையும் குறைப்பதையும் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

அவருக்கு உதவ ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, நேரம், சாப்பிடும் முன்பா பின்பா, எண். இவ்வளவுதான் எழுத வேண்டும். இப்படி:

"செவ்வாய். காலை 6 மணி. வெறும் வயிறு. 142."

"செவ்வாய். காலை 10 மணி. இரண்டு இட்லி தின்ற பின். 165."

"புதன். காலை 6 மணி. வெறும் வயிறு. 148. ராத்திரி கல்யாண விருந்து."

இதைப் பார்த்ததும் மருத்துவருக்கு ஒன்று புரியும். சாப்பிட்ட பின் வரும் எண்ணில் தொல்லை இல்லை. காலை எண்தான் இறங்க மறுக்கிறது. இன்னும் சில நாள் எழுதி வந்தால், எந்த மருந்தை மாற்றுவது என்று அவர் அதை வைத்தே யோசிப்பார்.