ஏற்றத்தில் நின்ற பைக்கும் எனது பெற்றோல் கொப்பியும்

எங்களைப் போன்ற சிறு வியாபாரிகளுக்கு லொறி இல்லை, வேன் இல்லை. இருப்பதெல்லாம் ஒரு மோட்டார் சைக்கிளும், அதன் பின்னால் கட்டிய ஒரு பெட்டியும், லைன் போக ஒரு பையனும்தான். அந்த மோட்டார் சைக்கிள் ஒரேயடியாகப் பழுதாகிவிட்டால் அவ்வளவு கவலையில்லை. கராஜில் போட்டு, பில்லைக் கட்டி, எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். சில நாள் நன்றாக ஓடி, சில நாள் நடுவழியில் வலுவிழந்து, கராஜுக்குக் கொண்டு போனால் ஒன்றும் தெரியாதது போல் ஓடும் பைக்தான் வியாபாரியைக் கொல்வது. கடந்த 2023 கடைசியில் அப்படியொரு பைக்கோடு நான் மூன்று மாதம் பட்டபாட்டை இங்கே எழுதுகிறேன். உங்களில் பலரிடம் இதே வகை பைக் இருக்கும்.

எனக்கு மாவனல்லையில் அரைத்த சரக்குத்தூள் வியாபாரம். மிளகாய்த்தூள், மஞ்சள், கறித்தூள் என்று பைக்கற் போட்டுச் சில்லறைக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். திங்களும் வியாழனும் கடுகண்ணாவ, பிலிமத்தலாவ லைன். செவ்வாய் ஹெம்மாத்தகம. புதன் ரம்புக்கனை. பைக் 125 சிசி, காபரேற்றர் உள்ள பழைய மொடல். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது, 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. ஆகவே அந்த நாட்களில் பழையதைத் தள்ளிவிட்டுப் புதியது எடுப்போம் என்ற பேச்சுக்கே இடமில்லை. செக்கன்ட் ஹேண்ட் பைக்கின் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

ஒக்டோபர் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை பையன் போன் எடுத்தான். "நாநா, பைக் ஏற்றத்தில நிண்டு பெய்த்து." கடுகண்ணாவ ஏற்றம் எப்படியென்று அந்தப் பாதையில் போனவர்களுக்குத் தெரியும். வளைவுக்கு மேல் வளைவு, பின்னால் கண்டி பஸ், அதற்குப் பின்னால் கொள்கலன் லொறி. அங்கே பைக் இழுவை குறைந்து நிற்பது உயிரோடு விளையாடுவது. ஓரத்துக்குத் தள்ளி நிறுத்தச் சொன்னேன். கால் மணி நேரத்தில் திரும்ப எடுத்தான். இப்போது ஸ்டார்ட் ஆகிவிட்டதாம், போகிறானாம்.

பிறகு இது வழக்கமாகிவிட்டது. கராஜில் பாஸ் முதலில் பிளக் மாற்றினார். அடுத்த முறை கொயில். அதற்கடுத்த முறை சிடிஐ. காபரேற்றரை இரண்டு தடவை கழற்றிக் கழுவினார். ஒவ்வொரு முறையும் கராஜுக்கு முன்னால் ஒரு சுற்று ஓடிக் காட்டுவார், பைக் பூனை மாதிரி ஓடும். எல்லாமாக 11 ஆயிரம் ரூபாவுக்கு மேல் போனது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. தன் கண்ணுக்கு முன்னால் வராத வருத்தத்துக்கு எந்த டொக்டர்தான் மருந்து கொடுப்பார்?

எனக்கோ சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது. கராஜில் ஓடுகிற பைக், நான் ஓட்டினால் ஓடுகிற பைக், இவன் ஓட்டினால் மட்டும் எப்படி நிற்கும்? யாரோ கூட்டாளி வீட்டில் உட்கார்ந்து கதைத்துவிட்டு வருகிறான் என்று நினைத்தேன். பெற்றோலை எடுத்து விற்கிறானோ என்றும் நினைத்தேன். மூன்று நாள் அரைச் சம்பளம் வெட்டினேன். பிலிமத்தலாவையில் நல்ல ஓடர் தருகிற ஒரு கடைக்காரர், சொன்ன நேரத்துக்குச் சரக்கு வராததால் வேறு ஒருவரின் தூளை வாங்கத் தொடங்கினார். அன்று எல்லோர் முன்னிலையிலும் பையனுக்கு ஏசினேன். அவன் பதில் பேசவில்லை. மறுநாள் அவனுடைய வாப்பா கடைக்கு வந்து, மாத முடிவோடு பையனை நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிரவு சம்பளக் கணக்கை முடிக்கத்தான் பெற்றோல் கொப்பியை எடுத்தேன். லீற்றர் எத்தனை, கிலோமீற்றர் எத்தனை என்று பார்த்தேன். திருட்டு ஒன்றும் இல்லை. கணக்கு நேராக இருந்தது. சரி, பைக் நின்ற நாட்களையும் பக்கத்தில் குறிப்போம் என்று நினைத்தேன். ஏழு தடவை நின்றிருக்கிறது. அதில் ஆறு திங்கட்கிழமை, ஒன்றே ஒன்று வியாழக்கிழமை. இரண்டு நாளும் ஒரே ஏற்றம்தான், சுமையும் ஏறத்தாழ ஒன்றுதான். அப்படியானால் ஏற்றமும் எஞ்சின் சூடும் மட்டும் காரணமென்றால் வியாழனிலும் அதே கணக்குக்கு நின்றிருக்க வேண்டும். கொப்பியைத் திரும்பப் பார்த்தேன். திங்கள் காலையில்தான் ஷெட்டில் தாங்கி நிரம்ப அடிக்கிறோம். அந்த ஒரு வியாழன்? அந்தக் கிழமை திங்களன்று கடும் மழை, லைன் போகவில்லை. வியாழன் காலையில்தான் நிரப்பியிருக்கிறான்.

பைக் நிற்பது பெற்றோல் இல்லாமல் அல்ல, பெற்றோல் நிறைந்திருக்கும்போது!

மறுநாள் பாஸிடம் கொப்பியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "முதலாளி, நின்றவுடன் பையன் முதல் வேலையாக என்ன செய்கிறான்?" என்று கேட்டார். வேறென்ன, எல்லோரும் செய்வதைத்தான். பெற்றோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்க்கிறான். "அடுத்த முறை மூடியில் கை வைக்க வேண்டாம்" என்று சொல்லி, எந்த ஒழுங்கில் என்னென்ன பார்க்க வேண்டுமென்று சொல்லித் தந்தார்.

அதை அப்படியே தருகிறேன். நின்ற இடத்தில், நின்ற நிமிடத்தில் பார்க்க வேண்டும், அதுதான் முக்கியம். முதலில் ஹோர்ன், சிக்னல் லைற் வேலை செய்கிறதா? அவையும் சேர்ந்து செத்திருந்தால் பற்றரி முனை, பியூஸ், திறப்புப் போடும் சுவிட்ச், இவற்றில் எங்கோ லூஸ். ஹேண்டிலைத் திருப்பும்போது மட்டும் நின்றால் கழுத்துப் பக்கம் வயர் அறுந்திருக்கலாம். எஞ்சின் சத்தம் கூடுகிறது, ஆனால் பைக் முன்னுக்குப் போகவில்லை என்றால் அது கிளட்ச் வழுக்குவது, எஞ்சினில் குறையில்லை. இழுவை குறைகிற நேரத்தில் சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். அதில் பைக்குக்கு உயிர் வந்தால் பெற்றோல் போதவில்லை. இன்னும் மோசமானால் காற்று போதவில்லை, ஃபில்டரைப் பாருங்கள்.

நின்ற பிறகு பிளக்கைக் கழற்றித் தொப்பியில் மாட்டி, அதன் உலோக உடம்பை எஞ்சினில் முட்டவைத்து உதைத்துப் பாருங்கள். பெற்றோல் சிந்திய இடத்தில் இதைச் செய்யக்கூடாது, பிளக் ஓட்டைக்குப் பக்கத்திலும் பிடிக்கக்கூடாது. பொறி இல்லை, ஆறிய பிறகு வருகிறது என்றால் கொயில், பல்சர் கொயில், சிடிஐ என்று தேடலாம். சூட்டில் அறுந்து ஆறினால் ஒட்டும் குணம் அவற்றுக்கு உண்டு. பொறி இருந்தால் பெற்றோல் பக்கம் போங்கள். காபரேற்றரின் அடியில் உள்ள சிறிய வடிகால் ஆணியை, கீழே போத்தல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு தளர்த்தினால், பெற்றோல் தொடர்ந்து ஓட வேண்டும். போத்தலின் அடியில் முத்து முத்தாகத் தனியே ஏதாவது தேங்கினால் தண்ணீர் கலந்திருக்கிறது.

அடுத்த திங்கள் தாங்கியை நிரப்பி, சரக்கை ஏற்றி, நானே ஓட்டினேன். பையனைப் பின்னால் உட்கார வைத்தேன். மூன்றாவது வளைவில் தொடங்கியது. அக்சிலேட்டரைத் திருகத் திருக பைக் திணறியது. சோக்கை இழுத்தேன், நாலு எட்டு ஓடியது, பிறகு நின்றது. ஓரம் கட்டினோம். ஹோர்ன் அடித்தது, பொறி வந்தது. ஆணியைத் தளர்த்தினேன். கொஞ்சம் ஓடி, சொட்டுச் சொட்டாகி, நின்றுவிட்டது. தாங்கி நிறையப் பெற்றோல், கீழே ஒரு சொட்டும் இல்லை. ஆணியை அப்படியே வைத்துக்கொண்டு மூடியைத் திறக்கச் சொன்னேன். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டது. கீழே பெற்றோல் பைப் மாதிரி ஓடத் தொடங்கியது.

இந்த வகை பைக்கில் பெற்றோல் பம்ப் இல்லை. மேலிருந்து கீழே தானாக வடிகிறது. வடிகிற அளவுக்குக் காற்று உள்ளே வரவேண்டும், அதற்காகத்தான் மூடியில் ஒரு நுண்ணிய துவாரம். அது அடைபட்டால் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெற்றோலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டின்பால் பேணியில் ஒரு ஓட்டை மட்டும் போட்டால் பால் வராத கதைதான். தாங்கி நிரம்பியிருந்தால் உள்ளே காற்று கொஞ்சம்தான், ஆகவே சீக்கிரமே பிடித்துவிடும். பாதித் தாங்கியில் காற்று அதிகம், நேரம் எடுக்கும். தட்டைப் பாதையில் மெல்ல ஓடினால் இடுக்கு வழியாகக் கசிந்து வரும் காற்றே போதும். ஏற்றத்தில் சுமையோடு இழுக்கும்போது போதாது. கராஜைச் சுற்றி ஒரு ரவுண்டில் எப்படித் தெரியும்? நிற்கும் ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து நாமே வைத்தியமும் பார்த்து, தடயத்தையும் அழித்திருக்கிறோம்.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் ஒரு கறுப்பு ரப்பர் வட்டம். பார்த்தவுடன் விளங்கியது. 2022 மழைக்காலத்தில் மூடியின் பழைய வாஷர் தேய்ந்து தண்ணீர் உள்ளே போனது. புதிய வாஷர் கிடைக்கவில்லை. பழைய ரியூப் ஒன்றில் வட்டமாக வெட்டி உள்ளே வைத்தேன். நடுவில் ஓட்டை போடவில்லை. வெட்டியது நான், என் கையால். அப்போது கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், தாங்கி நிரம்பியதே இல்லை. அந்த முறை 2023 செப்டெம்பர் முதலாம் திகதி நீக்கப்பட்ட பிறகுதான் திங்கள்தோறும் நிரப்பும் பழக்கத்துக்குத் திரும்பினோம், அதற்கடுத்த மாதமே வருத்தம் தொடங்கியது.

பாதையோரத்தில் நின்றுகொண்டே அந்த வட்டத்தைப் பையனிடம் காட்டி, இதை வைத்தது நான்தான் என்று சொன்னேன். "நான் பொய் செல்லல்ல தானே நாநா" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

அன்று லைன் முடித்துத் திரும்பும்போது கண்டிப் பக்கத்துக் கடையொன்றில் மூடிக்கான சரியான வாஷரை வாங்கினோம். வெட்டிய மூன்று அரைநாள் சம்பளத்தையும் அன்றே கையில் கொடுத்தேன், மாலையில் அவனுடைய வாப்பாவைக் காண வீட்டுக்கும் போனேன். தேநீர் தந்தார், அதிகம் பேசவில்லை. பையன் இப்போதும் என்னிடம்தான் இருக்கிறான். பிலிமத்தலாவைக் கடைக்காரர் முந்திய ஓடரில் பாதியைத்தான் திரும்பத் தந்திருக்கிறார். பெற்றோல் கொப்பியில் இப்போது ஒரு கோடு கூட அடித்திருக்கிறேன். பைக் நின்றால் திகதி, இடம், சுமை, மழையா வெயிலா, தாங்கியில் எவ்வளவு என்று பையனே எழுதுகிறான்.