மேசைக் கணினிக்கான விரைவு வன்தட்டு

வன்தட்டு என்பது கணினியின் இயங்குதளத்தையும் கோப்புகளையும் மின்சாரம் நின்ற பின்னரும் காத்துவைக்கும் சேமிப்புக் கருவி ஆகும். செயலி, நினைவகம் ஆகியவற்றோடு ஒப்பிட இது மிக மெதுவானது. ஆகவே கணினியின் வேகம் பெரும்பாலும் இதன் தேர்வைப் பொறுத்தே அமைகிறது.

தமிழ்நாட்டில்

திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்தில் மகிழுந்துகளோடு கணினிகளும் உருவாகின்றன. டெல் நிறுவனம் 2007 ஆம் ஆண்டு திருப்பெரும்புதூரில் தனது ஆலையைத் தொடங்கி, முதலில் மேசைக் கணினிகளைத் தயாரித்தது. இத்தகைய ஆலைகளில் நடப்பது பாகங்களை ஒருங்கிணைக்கும் பணியே. வன்தட்டு முழுமையடைந்த பொருளாக வெளியிலிருந்து வருகிறது. வன்தட்டு உற்பத்தியில் தாய்லாந்து பெரும்பங்கு வகிப்பதால், 2011 இல் அங்கு ஏற்பட்ட வெள்ளம் உலகெங்கும் வன்தட்டு விலையை உயர்த்தியது.

வேகத்தைத் தீர்மானிப்பவை

விற்பனை அட்டையில் பெரிதாகக் காணப்படும் எண் இடைமுகத்தின் வேகம் ஆகும். மூன்றாம் தலைமுறை சாட்டா இடைமுகம் நொடிக்கு 600 மெகாபைட் வரை கடத்தவல்லது. சுழலும் தட்டு ஒன்று தொடர்ச்சியாகப் படிக்கும்போதும் இதில் பாதியை எட்டுவது அரிது. எனவே இவ்வெண்ணை நம்பி வாங்குவதில் பயனில்லை.

உண்மையான தடை காத்திருப்பு நேரம் ஆகும். நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் தட்டுக்கு ஒரு சுழற்சி 8.33 மில்லிநொடி. வேண்டிய தரவு படிக்கும் முனைக்குக் கீழே வந்துசேரச் சராசரியாக அரைச் சுழற்சி, அதாவது 4.17 மில்லிநொடி தேவை. 5400 சுழற்சித் தட்டில் இது 5.56 மில்லிநொடி. முனை உரிய தடத்திற்கு நகர மேலும் 9 மில்லிநொடி எனக் கொண்டால், 7200 சுழற்சித் தட்டு நொடிக்கு ஏறத்தாழ 75 இடங்களையே தேடிப் படிக்க இயலும். ஒவ்வோர் இடத்திலும் 4 கிலோபைட் எனில் கிடைப்பது நொடிக்கு 300 கிலோபைட் மட்டுமே! கணினி தொடங்கும்போது சிதறிக்கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் படிக்கப்படுவதால், தாமதம் அப்போது நன்கு தெரிகிறது.

கூரை ஓடுகளைப் போல் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியுமாறு எழுதும் எஸ்எம்ஆர் வகைத் தட்டுகளில், பழைய தரவின்மீது மீண்டும் எழுதுவது மேலும் மெதுவாகும். இயங்குதளத்திற்கு இவ்வகை ஏற்றதன்று.

திண்மநிலைச் சேமிப்பகம்

இதில் சுழலும் பாகம் இல்லை. காத்திருப்பு ஏறத்தாழ 0.1 மில்லிநொடி. ஆகவே இயங்குதளத்திற்கு இதுவும், நிகழ்படங்கள், காப்புப் பிரதிகள் போன்றவற்றிற்கு 7200 சுழற்சி வன்தட்டும் வைத்துக்கொள்வது சிறந்த ஏற்பாடாகும். கல்லூரி ஆய்வகங்களில் கழிக்கப்படவிருக்கும் பழைய மேசைக் கணினிகளுக்கும் இது பொருந்தும். இரண்டாம் தலைமுறை சாட்டாவின் நொடிக்கு 300 மெகாபைட் எல்லைக்குள் இயங்கினாலும், காத்திருப்பு நேரம் குறைவதன் பயன் அக்கணினிகளுக்கும் கிடைக்கும்.