வேடமும் கூற்றும்: டேவிட் போவியின் இசைத்தொகுப்புகள் குறித்த ரசிகர் விவாதங்கள்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கில ராக் இசைக்கலைஞர் டேவிட் போவி (1947–2016) தம் கலைவாழ்வு முழுவதும் பெயர், தோற்றம், குரல், இசைவகை ஆகியவற்றைத் தொடர்ந்து மாற்றிக்கொண்டவர். அவருடைய இசைத்தொகுப்புகளுள் எது சிறந்தது, எதில் அவருடைய சொந்தக் குரல் ஒலிக்கிறது, அவர் விட்டுச்சென்ற மரபு யாது என்பன குறித்து ரசிகர்கள் நடத்திவரும் விவாதங்களை இக்கட்டுரை வகைப்படுத்துகிறது. காலப்பகுப்பு, கூற்று, பொறுப்பு, பாடம் என்னும் நான்கு சிக்கல்களை மையமிட்டு அவை அமைவதைக் காட்டி, தமிழ்க் கவிதையியலின் 'கூற்று' என்னும் கருத்தாக்கம் அவற்றை விளக்க எவ்வளவு துணைசெய்கிறது, எவ்விடத்தில் போதாமல் நிற்கிறது என்பதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: டேவிட் போவி, ராக் இசை, வேடம், கூற்று, ரசிகர், பாடவேறுபாடு, கலைமரபு.

முன்னுரை

1947 ஜனவரி 8 அன்று இலண்டன் பிரிக்ஸ்டனில் டேவிட் ராபர்ட் ஜோன்ஸ் என்னும் பெயரோடு பிறந்தவர் போவி. 'மங்கீஸ்' குழுவின் டேவி ஜோன்ஸோடு குழப்பம் நேராதிருக்கவே அவர் பெயரை மாற்றிக்கொண்டார். பெயரில் தொடங்கிய மாற்றம் பின்னர் அவருடைய கலைக்கொள்கையாகவே ஆயிற்று. நாட்டார்ப்பாங்கான பாடல், கிளாம் ராக், சோல், மின்னணு இசை, நடன இசை, ஜாஸ் என அவர் தொட்ட வகைகள் பல. லிண்ட்சே கெம்பிடம் பெற்ற ஊமைக்கூத்துப் பயிற்சியும் ஜப்பானியக் கபுகி நாடக மரபின் தாக்கமும் அவரைப் பாடகர் என்பதோடு நில்லாது வேடதாரியாகவும் ஆக்கின.

இத்தகைய கலைஞரைப் பற்றிய ரசிகர் விவாதங்களை வெறும் விருப்புவெறுப்பின் வெளிப்பாடு என ஒதுக்குவது பொருந்தாது. படைப்புகளைத் தரப்படுத்துதல், பாடுபவரையும் பாடலில் பேசுபவரையும் வேறுபடுத்துதல், பாடங்களை ஒப்பிடுதல் எனத் திறனாய்வு செய்யும் பணிகளையே ரசிகர்களும் தம் வழியில் செய்கின்றனர்.

காலப்பகுப்பும் தரவரிசையும்

விவாதங்களுள் பழமையானது, போவியின் உச்சகாலம் எது என்பது. 1976இல் வெளிவந்த 'ஸ்டேஷன் டு ஸ்டேஷன்' முதல் 1980இன் 'ஸ்கேரி மான்ஸ்டர்ஸ்' வரையிலான ஐந்து தொகுப்புகளை உச்சமெனக் கொள்வோர் ஒருசாரார். 1972இல் வெளிவந்த 'ஜிக்கி ஸ்டார்டஸ்ட்' இன்றேல் பின்னவை எவையும் இல்லை என்பார் மற்றொரு சாரார்.

இவ்விவாதத்தில் பெரிதும் பயிலும் 'பெர்லின் முத்தொகுதி' என்னும் வழக்கே ஆய்வுக்குரியது. 'லோ' (1977), 'ஹீரோஸ்' (1977), 'லாட்ஜர்' (1979) ஆகிய மூன்றும் இப்பெயரால் சுட்டப்பெறுகின்றன. எனினும் 'லோ'வின் பெரும்பகுதி பிரான்சின் எரூவில் மாளிகையில் பதிவாகி, பெர்லினின் ஹான்சா ஒலிப்பதிவுக் கூடத்தில் நிறைவுற்றது. 'ஹீரோஸ்' ஒன்றே முழுமையாகப் பெர்லினில் பதிவானது. 'லாட்ஜர்' சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோவிலும் நியூயார்க்கிலும் உருவாயிற்று. இம்மூன்றையும் பிரையன் ஈனோ தயாரித்தார் என்னும் பரவலான எண்ணமும் சரியன்று. ஈனோ உடன்படைப்பாளராக இருந்தார். போவியோடு இணைந்து தயாரித்தவர் டோனி விஸ்கான்டி.

ஆகவே இத்தொகைப்பெயர் ஊரைக் குறிப்பதினும் ஒரு மனநிலையைக் குறிப்பதாகவே நிற்கிறது. அமெரிக்க வாழ்வின் போதைப்பழக்கத்திலிருந்து விலகி, புகழின் வாய்பாடுகளையும் துறந்து, சொற்கள் அருகிய இசையை நோக்கிப் போவி நகர்ந்த காலம் அது. 'லோ'வின் இரண்டாம் பக்கம் பெரும்பாலும் கருவியிசையே. இம்மூன்று தொகுப்புகளையும் அடிப்படையாகக் கொண்டு இசையமைப்பாளர் பிலிப் கிளாஸ் மூன்று சிம்பனிகளை இயற்றியமை, இத்தொகைப்பெயருக்குப் பின்னாளில் மேலும் வலுச்சேர்த்தது. தனித்தனிப் படைப்புகள் தொகையாக்கப்பட்ட பின்னர்த் தொகையின் பெயரே அவற்றை வாசிக்கும் முறையைத் தீர்மானிக்கும் என்பதைத் தொகைநூல் மரபை அறிந்தோர் எளிதில் உணர்வர்.

இதற்கு மறுதலையாக நிற்பது 1983இன் 'லெட்ஸ் டான்ஸ்'. நைல் ராட்ஜர்ஸுடன் இணைந்து உருவாக்கிய இத்தொகுப்பு போவியின் படைப்புகளுள் மிகுதியாக விற்பனையானது. இதனைச் சரிவின் தொடக்கமெனக் கருதுவோர், அடுத்து வந்த 'டுநைட்' (1984), 'நெவர் லெட் மி டவுன்' (1987) ஆகியவற்றைச் சான்றாகக் காட்டுவர். போவியே அக்காலப் படைப்புகளைப் பின்னர்க் குறைத்து மதிப்பிட்டார். ஆயினும் இத்தொகுப்பின் வழியாகவே போவியை முதலில் அறிந்த ரசிகர் பலர். அவர்களுக்கு இது சரிவன்று, நுழைவாயில். உச்சம் எது என்னும் வினாவுக்குப் பின்னால், போவி யாருக்கு உரியவர் என்னும் வினா மறைந்திருப்பதை இவ்விடத்தில் காணலாம்.

ரசிகர் விருப்பத்திற்கும் கலைஞர் விருப்பத்திற்கும் இடையிலான முரண் 1990ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் வெளிப்படையாயிற்று. பாடவேண்டிய பாடல்களைத் தொலைபேசி வாக்கெடுப்பின் மூலம் ரசிகர்கள் தேர்ந்தெடுக்கலாம் என அறிவிக்கப்பட்டது. பிரித்தானிய இசை வார இதழொன்றோ 1967இன் வேடிக்கைப் பாடலான 'தி லாஃபிங் நோம்' என்பதற்கு வாக்களிக்குமாறு குறும்பாகத் தூண்டியது. போவி அதனைப் பாடவில்லை. மரபைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ரசிகருக்கு உண்டா, உண்டெனில் அதன் எல்லை யாது என்னும் வினா இந்நகைப்பினூடே எழுந்தது.

கூற்று: பேசுபவர் யார்?

போவியின் பாடல்களில் 'நான்' எனப் பேசுபவர் யார் என்பது இரண்டாவது சிக்கல். அகப்பாடல்களைப் பயில்வோர்க்கு இவ்வினா புதிதன்று. தலைவி, தோழி, செவிலி, தலைவன் என மாந்தர் கூற்றாகவே அகப்பாடல்கள் அமைகின்றன. பாடிய புலவரின் வாழ்வைப் பாடலின் 'நான்' என்பதோடு ஒருவரும் பொருத்திப் பார்ப்பதில்லை. இன்னார் கூற்று, இன்ன சூழலில் நிகழ்ந்தது எனப் பாடலின் அடியில் காணப்பெறும் குறிப்புகள் புலவர் எழுதியவையல்ல, பின்வந்தோர் வகுத்தவை என்பதும் அறிந்ததே.

போவியின் ரசிகர்கள் ஆற்றுவது இக்குறிப்பாசிரியர் பணியை ஒத்தது. இது ஜிக்கியின் கூற்று, இது 'தின் ஒயிட் டியூக்' என்னும் வேடத்தின் கூற்று, இது போவி தாமே பேசுவது என அவர்கள் பாடல்களுக்குத் துறை வகுக்கின்றனர். 1969இன் 'ஸ்பேஸ் ஆடிட்டி' பாடலில் விண்வெளியில் தொலைந்துபோகும் மேஜர் டாம், 1980இன் 'ஆஷஸ் டு ஆஷஸ்' பாடலில் வேறு நிலையில் மீள்கிறார். 'பிளாக்ஸ்டார்' பாடலின் காணொளியில் விண்வெளி வீரரின் உடைக்குள் காணப்படும் மண்டையோடு மேஜர் டாமுடையதே என ரசிகர் பலர் கொள்கின்றனர். நாற்பதாண்டுக்கும் மேலான இடைவெளியில் சிதறிக்கிடக்கும் பாடல்களை ஒரு பாத்திரத்தின் வரலாறாக இணைத்தது ரசிகர்களின் வாசிப்பே.

எனினும் இவ்வொப்புமைக்கு எல்லை உண்டு. அகமரபில் புலவரும் கேட்போரும் கூற்றைப் பொது மரபாக ஏற்றுக்கொண்டவர்கள். போவியோ எல்லைக்கோட்டை வேண்டுமென்றே அழித்தவர். 1973 ஜூலை 3 அன்று இலண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியன் அரங்கில், இதுவே தம் இறுதி நிகழ்ச்சி என அவர் மேடையில் அறிவித்தார். இசைக்குழுவினருள் சிலர்கூட அதனை முன்னறிந்திருக்கவில்லை. போவி ஓய்வுபெறுகிறார் எனப் பலர் கலங்கினர். ஓய்வுபெற்றது ஜிக்கி என்னும் வேடமே. வேடத்தின் முடிவு மனிதரின் முடிவாகக் கேட்கப்பட்டது. கூற்றுக்குறிப்பு இல்லாத பாடல் எத்துணை ஆற்றலும் எத்துணைக் குழப்பமும் விளைக்கும் என்பதற்கு இது சான்று.

வேடமும் பொறுப்பும்

இக்குழப்பம் அழகியலோடு நின்றுவிடவில்லை. 1976இல் போவி அளித்த நேர்காணல்களில் பாசிசத் தலைமைக்கு இசைவாகவும், ஹிட்லரை ராக் நட்சத்திரத்தோடு ஒப்பிட்டும் பேசினார். அவ்வாண்டில் பிரித்தானியாவில் 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' என்னும் இனவெறி எதிர்ப்பு இயக்கம் உருவாயிற்று. எரிக் கிளாப்டனின் மேடைப்பேச்சு அதற்கு உடனடித் தூண்டுதல் எனினும், போவியின் சொற்களும் அவ்வியக்கத்தாரின் கண்டனத்திற்கு உள்ளாயின. பின்னாளில் போவி அவற்றுக்கு வருந்தி, அன்றைய போதைப்பழக்கத்தையும் குலைந்த மனநிலையையும் காரணமாகக் கூறினார்.

அவை 'தின் ஒயிட் டியூக்' வேடத்தின் சொற்கள், போவியுடையன அல்ல என வாதிடும் ரசிகர் உளர். 1983இல் எம்டிவி நேர்காணலில், கறுப்பினக் கலைஞர்களுக்கு அந்நிறுவனம் இடமளிக்காதது ஏன் என நேருக்குநேர் கேட்டவரும் போவியே என அவர்கள் நினைவூட்டுவர். இக்கேள்வி அவருடைய பிற்கால நிலைப்பாட்டுக்கு வலுவான சான்றே. ஆயின் வேடத்தைக் கேடயமாக்கும் முதல் வாதம் ஏற்புடையதன்று. கூற்று என்பது படைப்பின் எல்லைக்குள் இயங்குவது. கேட்போரும் அதனைப் புனைவென அறிந்திருத்தல் வேண்டும். செய்தியாளரிடம் பேசிய சொல்லுக்கு அத்தகைய எல்லை இல்லை. புலம்பெயர்ந்தோர்மீது வெறுப்பு மிகுந்திருந்த சூழலில் அச்சொற்களைக் கேட்டவர்கள் அவற்றை நாடகமாகக் கேட்கும் நிலையில் இல்லை. வேடத்தின் புகழைத் தமதாக்கிக்கொண்டவர் அதன் பழியை மட்டும் விலக்க இயலாது. போவி வருத்தம் தெரிவித்தமையே, பொறுப்பு வேடத்திற்கன்று தமக்குரியது என ஒருவகையில் ஏற்றதாகும். அவ்வகையில் ரசிகர் சிலரினும் அவர் தெளிவாக இருந்தார் எனலாம்.

பாடவேறுபாடும் இறப்புக்குப் பிந்திய பதிப்பும்

படைப்பின் எவ்வடிவம் உண்மையானது என்பது நான்காவது சிக்கல். 'லாட்ஜர்' தொகுப்பின் ஒலிக்கலவையில் நிறைவின்மையை உணர்ந்த விஸ்கான்டி அதனை மீண்டும் கலவை செய்தார். அது 2017இல் வெளிவந்தது. 'நெவர் லெட் மி டவுன்' தொகுப்பைத் திருத்த வேண்டும் என்னும் விருப்பம் போவிக்கே இருந்தது. அவர் மறைவுக்குப்பின், அவருடைய பழைய குரலைத் தக்கவைத்து, கருவியிசையைப் புதிதாக வாசித்துச் சேர்த்த வடிவம் 2018இல் வெளியாயிற்று. 2000ஆம் ஆண்டில் பதிவாகி வெளியிடப்படாதிருந்த 'டாய்' தொகுப்போ 2021இல்தான் முறையாக வெளிவந்தது.

கலைஞரின் இறுதி விருப்பமே அளவுகோல் எனக் கொள்வோர் 2018ஆம் ஆண்டு வடிவத்தை வரவேற்கின்றனர். 1987இன் ஒலி அக்காலத்தின் ஆவணம், குறையும் வரலாற்றின் கூறே என்போர் அதனை மறுக்கின்றனர். முன்னது ஆசிரியர் கருத்தை முதன்மைப்படுத்தும் பதிப்புநெறி. பின்னது கிடைத்த பாடத்தைக் காக்கும் பதிப்புநெறி. இங்கு முதன்மையாகக் கருதத்தக்கது, போவி விரும்பியது திருத்தம் என்பது தெளிவாயினும், எத்தகைய திருத்தம் என்பதை அவர் கேட்டு ஒப்புதல் அளிக்க இயலாதிருந்தமையாகும். ஆகவே புதிய வடிவத்தை மூலத்திற்கு மாற்றாகக் கொள்ளாது, அதனோடு வைத்துக் கேட்கத்தக்க உரையாகக் கொள்வதே பொருந்தும்.

இறுதித் தொகுப்பும் மறுவாசிப்பும்

2016 ஜனவரி 8, போவியின் 69ஆம் பிறந்தநாளில் 'பிளாக்ஸ்டார்' வெளிவந்தது. டானி மெக்காஸ்லின் குழுவின் ஜாஸ் கலைஞர்களோடு உருவாகிய அத்தொகுப்பு, துணிவான புதிய திருப்பமாக முதலில் வாசிக்கப்பட்டது. ஜனவரி 10 அன்று போவி புற்றுநோயால் மறைந்தார். நோயை அவர் பொதுவெளியில் அறிவித்திருக்கவில்லை. இரண்டே நாள்களில் அதே தொகுப்பு விடைபெறலாக மாறியது. ஒரு சொல்லும் மாறவில்லை, கூற்றுக்குறிப்பு மாறியது. கையறுநிலை பிறர் பாடுவது. இங்கோ மறைந்தவரே அதனைப் பாடிவைத்ததாக ரசிகர்கள் உணர்ந்தனர்.

இவ்வாசிப்பு வலுவுடையதாயினும் முழுமையானதன்று. தொகுப்பின் ஏழு பாடல்களுள் இரண்டு, வேறு வடிவில் 2014 நவம்பரிலேயே வெளியானவை. 'லாசரஸ்' என்னும் பாடல் 2015 டிசம்பரில் நியூயார்க்கில் அரங்கேறிய அதே பெயருடைய இசை நாடகத்தில் இடம்பெற்றது. 1976இன் 'தி மேன் ஹூ ஃபெல் டு எர்த்' திரைப்படத்தில் போவி ஏற்று நடித்த வேற்றுக்கோள்வாசி நியூட்டனே அந்நாடகத்தின் தலைவன். அப்பாடல் நாடகத்தில் ஒரு பாத்திரத்தின் கூற்று. காணொளியில் கண்கட்டோடு படுக்கையில் கிடக்கும் கலைஞரின் கூற்று. இவ்விரண்டுள் ஒன்றைத் தேர்வது பாடலைக் குறுக்குவதாகும். வேடத்தின் வழியாகவே தம் இறுதியையும் சொல்ல இயலும் என்பதைப் போவி காட்டியிருப்பதே இப்பாடலின் சிறப்பு.

முடிவுரை

போவி குறித்த ரசிகர் விவாதங்கள் முடிவுறாமைக்குக் காரணம் ரசிகர்களின் பிடிவாதமன்று. படைப்புகளின் இயல்பே ஆகும். எவ்வேடத்தையும் நிலையாக ஏற்காத கலைஞர், தமக்கு மையமெனத் தாமே ஒன்றையும் விட்டுச்செல்லவில்லை. தொகை வகுத்தல், துறை குறித்தல், பாடம் ஒப்பிடல் ஆகிய பணிகள் கேட்போர் மேல் விழுந்தன. வேடங்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் உண்மைப் போவியைத் தேடும் வாதங்களைவிட, வேடங்களுக்கிடையே தொடர்ந்துவரும் பாத்திரங்களையும் வினாக்களையும் தேடும் வாதங்கள் பயன்மிக்கவை.

தமிழ்க் கவிதையியலின் கூற்றுக் கோட்பாடு இவ்விவாதங்களைத் தெளிவாக்குகிறது. அதேவேளையில், புனைவின் எல்லை எங்கு முடிகிறது என்பதைப் பாடுவோரும் கேட்போரும் முன்பே ஒத்துக்கொண்டிருந்தாலன்றி அக்கோட்பாடு இயங்காது என்பதையும் போவியின் வாழ்வு உணர்த்துகிறது. வேடத்தின் விடுதலையைக் கொண்டாடும் மரபு, வேடம் களைந்த இடத்தில் பேசிய சொல்லுக்கு விடைகூறும் கடமையையும் சேர்த்தே சுமத்தல் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே நினைவில் வைத்திருக்கும் ரசிகரே அவ்விசைமரபின் நேர்மையான காவலர் ஆவர்.