மலைக்கு இட்ட நிறம்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மலை கிடையாது. கீரிமலை என்று ஓர் ஊர் உண்டு. அங்கும் மலையைக் காணோம். ஆகவே, இங்கு பிறந்த பலரைப்போல எனக்கும் மலை முதன்முதலில் அறிமுகமானது பள்ளிக்கூடத்துத் தேசப்படத்திலே, ஒரு நிறமாகத்தான்.

அந்த நிறம் மயக்கந் தரவல்லது. செம்பாட்டு மண்ணும் சுண்ணாம்புக்கல்லுமான எமது குடாநாடு படத்திலே பச்சையாக இருக்கும். தேயிலையின் பசுமை போர்த்த நுவரெலியாவோ கபில நிறமாக இருக்கும். பச்சை தாழ்நிலத்தையும் கபிலம் உயரத்தையுமே குறிக்கும்; பயிரையும் வறட்சியையும் அவை சொல்லமாட்டா. இதனை அறியாத மாணவன் 2,524 மீற்றர் உயர்ந்த பீதுருதாலகாலையை வெறும் பொட்டல் என்றே எண்ணுவான். நிறமும் ஒரு மொழி. அதற்கும் இலக்கணம் வேண்டும்.

அவ்விலக்கணத்தைச் செவ்வனே பேணியவர் சுவிட்சர்லாந்து நாட்டவர். அவர்களுடைய இடவிளக்கப் படங்களிலே சமவுயரக்கோடுகள் மண்ணில் கபிலமாகவும், பாறையில் கருமையாகவும், பனிக்கட்டியாற்றின்மேல் நீலமாகவும் ஓடும். ஒரே இடத்தின் பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நீலம் சுருங்கிக் கருமை பரந்திருப்பது தெரியும். பனி உருகிப் பின்வாங்கிய கதையைச் சிறு பிள்ளையும் படித்துவிடலாம். நிறத்தின் பொருள் மாறாதிருந்தமையாலன்றோ மலையின் மாற்றம் புலனாயிற்று!

எமது மலைநாட்டில் உருகுவதற்குப் பனியில்லை. சரிவதற்கு மண் உண்டு. 2014 ஒக்ரோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையிலே தோட்டத் தொழிலாளரின் லயங்களை மண் மூடியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிறங்களில் விடுக்கிறது. மஞ்சள் என்றால் விழிப்பாயிரு. செம்மஞ்சள் என்றால் புறப்பட ஆயத்தமாகு. சிவப்பு என்றால் வெளியேறு. பள்ளிக்கூடத்தில் நிறத்தைப் பிழையாகப் படித்தால் புள்ளி குறையும். அங்கே உயிர் போகும்.

மஞ்சளுக்கும் செம்மஞ்சளுக்குமுள்ள வேறுபாடு மங்கிய தாளிலே தெரியாது. நிறக்குருடு உள்ளவர்க்கோ சிவப்பும் பச்சையும் பிரித்தறிவதே சிரமம். ஆதலால், நிறத்தோடு சொல்லும் வேண்டும். அச்சொல் அங்குள்ளோர் பேசும் தமிழிலும் இருத்தல் வேண்டும் என்பேன்.

இன்னும் ஒன்று. மீரியபெத்தையின் ஆபத்தைப் பற்றி முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. வெளியேறு என்று சிவப்புச் சொல்லும். எங்கே போவது என்று அது சொல்லாது. அதற்கு விடை, பாதுகாப்பான நிலமும் வீடுமே. படம் வரைபவரால் அவற்றைத் தர இயலாது.