பழைய மோட்டார் வண்டியின் காலை ஓசை

மோட்டார் வண்டி தன் நோயைப் பெரும்பாலும் ஓசையினாலேயே முதலில் அறிவிக்கின்றது. இரவு முழுவதும் ஓய்ந்திருந்த எஞ்சினைக் காலையில் இயக்கும் முதல் ஐந்து நிமிடமே அவ்வோசையைக் கேட்டறிதற்குச் சிறந்த வேளையாகும். அவ்வேளையில் ஓசை எங்கே பிறக்கின்றது என்று தேடுவோர் பலர். எப்பொழுது அடங்குகின்றது என்று நோக்குவோர் சிலரே. பின்னைய வினாவே நோயை வகுத்துக் காட்டும் என்பதை ஈண்டு விளக்க முயல்வாம்.

நீர்வேலியிலும் அயற்கிராமங்களிலும் ஒஸ்ரின், மொறிஸ் மைனர் முதலிய சிறு கார்களை அறியாதார் இலர். பருத்தித்துறை வீதி வழியே மணமக்களையும் நோயாளரையும் அவை சுமந்தன. 1990 இல் போர் மீண்டும் மூண்டு, பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் அரிதானபோது, யாழ்ப்பாணத்தார் அவற்றை மண்ணெண்ணெயில் ஓட்டினர். சிறிது பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது வழக்கம். இம்முறை உலகிற்குப் புதிதன்று. 1949 இல் வெளிவந்த பேர்குசன் உழவு இயந்திர வகையொன்றும் பெற்றோலில் தொடங்கி, மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளில் ஓடுமாறு அமைக்கப்பட்டதே. ஆயின் அதற்கென அமையாத காரில் இதனால் ஒரு தீங்குண்டு. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எரியாது எஞ்சிய பகுதி சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி, எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும். நீர்த்த எண்ணெயில் உலோகம் உலோகத்தைத் தேய்க்கும். அவ்வாறு தேய்ந்த எஞ்சினின் தேய்வு, எரிபொருளை மாற்றியதனால் மட்டும் நீங்கிவிடாது. காலை ஓசையாக வெளிப்படும்.

யாழ்ப்பாணத்தில் உறைபனியில்லை; எனினும் இரவில் ஓய்ந்த எஞ்சின் குளிர்ந்த எஞ்சினே. எண்ணெய் வடிந்து அடித்தொட்டியிற் சேர்ந்திருக்கும். அலுமினியப் பிஸ்ரன் சுருங்கியிருக்கும். அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல ஏறக்குறைய இருமடங்கு விரியும் இயல்பினது. ஆகவே குளிரிற் பிஸ்ரனுக்கும் சிலிண்டருக்கும் இடைவெளி மிகும், சூட்டிற் குறையும். இவ்விரண்டையும் மனத்திற் கொண்டால் ஓசைகளின் பொருள் விளங்கும்.

முதலாவது, இயக்கியவுடன் கடகடவென எழுந்து இரண்டொரு விநாடியில் அடங்குவது. எண்ணெய் மேலேறுமுன் எழும் ஓசை இது. 2022 இன் எரிபொருள் தட்டுப்பாட்டிற் பலநாள் நிறுத்தப்பட்ட வண்டிகளுக்கு இது இயல்பே. எண்ணெயின் அளவையும் வடிகட்டியையும் பார்த்தல் போதும்.

இரண்டாவது, டொக் டொக்கெனத் தொடங்கிச் சில நிமிடத்தில் எஞ்சின் சூடேற மெல்ல மறைவது. தேய்ந்த பிஸ்ரன் சிலிண்டர்ச் சுவரில் மோதும் ஓசை இது. எண்ணெய் மிகுதியாகச் செலவாகாதவரை அவசரமில்லை. ஆனால், சூட்டில் உலோகம் விரிந்து இடுக்கு மூடுவதனால், புகைக்குழாய்ப் பொருத்தின் கசிவும் இவ்வாறே மறையும். அதன் ஒலி மட்டும் தட்டுதலாயிராது, ‘புஸ் புஸ்’ என்று ஊதுதலாயிருக்கும்.

மூன்றாவது, சூடேறிய பின்பும் மாறாது மேற்பகுதியில் ‘டிக் டிக்’ என்பது. இது பெரும்பாலும் வால்வின் இடைவெளி மிகுந்ததாகும். 948 கன சென்ரிமீற்றர் மொறிஸ் மைனர் எஞ்சினுக்கு அவ்விடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு. மெல்லிய அளவுத் தகட்டினால் இதனைச் சரிசெய்யலாம்.

நான்காவதே அஞ்சத்தக்கது. அடியிலிருந்து கனத்த தட்டுதல் எழும். சூடேறச் சூடேற அடங்காது வலுக்கும். மெதுவாக ஓடும்பொழுது எண்ணெய் அழுத்த விளக்கு மினுங்கும். சூட்டில் எண்ணெய் மேலும் மெலிவதனாலேயே இவ்வோசை வளர்கின்றது. மெக்கானிக்குகள் ‘பிக்கென்ட்’ என்னும் பேரிங்கின் தேய்வு இது. இந்நிலையில் வண்டியை ஓட்டுதல் கிராங்க் தண்டையும் கெடுக்கும்.

கைதேர்ந்த மெக்கானிக் ஸ்பார்க் பிளக்குகளை ஒவ்வொன்றாகத் தொடர்பறுத்துப் பார்ப்பார். எந்தச் சிலிண்டரை நிறுத்தியதும் தட்டுதல் தணிகின்றதோ, நோய் அங்கேயாம். ஆயின் பிஸ்ரன் தேய்வின் ஓசையும் பிக்கென்ட் ஓசையும் அவ்வாறே தணியும். இடம் ஒன்றேயாயினும் நோய் இரண்டு. அவற்றைப் பிரிப்பது காலமே. ஒன்று சூட்டில் மறையும். மற்றையது சூட்டில் வளரும்.

ஆகவே வண்டியை மெக்கானிக்கிடம் மாலையில் ஓட்டிச் சென்று காட்டுவதிலும், முதல்நாளே அங்கு விட்டுக் காலையில் அவர் முன்னிலையில் இயக்குதல் நன்று. மூடிய கொட்டகையில் இயக்கற்க. புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டு உயிர்கொல்லும் நஞ்சு. ஓசையைக் கேட்கும் ஆவலில் அக்சிலறேற்றரை அழுத்தவும் வேண்டா. எண்ணெய் ஏறுமுன் விரைந்து சுழலும் எஞ்சின் தன்னையே தேய்த்துக்கொள்ளும்.

பழைய வண்டியொன்றினாற் சீவனம் நடத்தும் குடும்பங்கள் எம்மிடையே இன்னும் உண்டு. மறையும் ஓசைக்கு அஞ்சி வண்டியை இரும்பு விலைக்கு விற்போரும், வளரும் ஓசையைப் பொருட்படுத்தாது எஞ்சினை இழப்போரும் இழப்பது அச்சீவனத்தையே. ஐந்து நிமிடம் பொறுமையாகச் செவிகொடுத்தால் இவ்விரு இழப்பையும் பெரும்பாலும் தவிர்க்கலாம்.